முதல் தொகுப்புக்கு அப்புறம்

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் விக்கிப்பீடியாவில் பல வருடம் ஊறியவர்கள். அதனால் எழுதிப் பழகும் மணல்தொட்டி என்றால் என்ன, பொதுவாகக் கூடிப் பேசும் ஆலமரத்தடி எங்கே இருக்கிறது என்றெல்லாம் விளக்கி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். புதிதாக வந்து முதல் தொகுப்பை, அதாவது கட்டுரையில் முதல் மாற்றத்தை, செய்கிறவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கணக்குத் தொடங்கியதும் ஒரு வரவேற்பு வார்ப்புரு, அதாவது முன்பே எழுதி வைத்த செய்தி, வந்து விழுகிறது. நட்பான வாசகங்கள், பத்துப் பன்னிரண்டு உதவிப் பக்கங்களுக்கு இணைப்புகள். நல்லதுதான், இருக்கட்டும். ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் தங்கிவிடுவதில்லை. ஒருவர் தங்குவாரா போய்விடுவாரா என்பது, அவர் எழுதியதை நம்மில் ஒருவர் முதல்முறை நீக்குகிற அந்த நேரத்தில் முடிவாகிறது. நம் உழைப்பு போகவேண்டிய இடம் அதுதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஏதோ ஓர் ஏரியைப் பற்றிய கட்டுரை. புதியவர் ஒருவர் இப்படிச் சேர்க்கிறார்: "இந்த ஏரி மிகவும் அழகானது. இரண்டு வருடங்களுக்கு முன் தூர்வாரப்பட்டது. இப்போது நிறையப் பறவைகள் வருகின்றன." சான்று கிடையாது. அண்மைய மாற்றங்கள் பட்டியலில் இதைப் பார்க்கும் பழைய கை ஒன்று, ஒரே சொடுக்கில் மீளமைத்துவிட்டு, அதாவது பழையபடி ஆக்கிவிட்டு, அடுத்த வேலைக்குப் போகிறது. காரணம் எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் இருப்பது "சான்றில்லை" என்ற ஒற்றைச் சொல்.

இப்போது அந்தப் புதியவரின் இடத்திலிருந்து பாருங்கள். அவர் மறுநாள் வருகிறார், எழுதியதைக் காணோம். பழைய மாற்றங்களைக் காட்டும் 'வரலாறு' என்று ஒரு தாவல் இருப்பதே அவருக்குத் தெரியாது. சரியாகச் சேமிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி தட்டச்சு செய்கிறார். மறுபடி காணோம். மூன்றாம் முறையும் போட்டால், அவருக்குச் செய்தி எழுதும் பேச்சுப் பக்கத்தில் எச்சரிக்கை வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏரிக்குப் பறவை வந்ததைச் சொல்ல வந்தவருக்கு, மாறி மாறி அழித்து எழுதும் தொகுப்புப் போரில் ஈடுபட்டதாகக் குற்றச்சாட்டு! அவர் கைபேசியிலிருந்து வந்தவராக இருந்தால், அந்தப் பேச்சுப் பக்கம்கூட எளிதில் கண்ணில் படாது.

அதே மூன்று வரிகளை வேறு மாதிரியும் கையாளலாம். "மிகவும் அழகானது" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். தூர்வாரிய செய்தியை வைத்துக்கொண்டு பக்கத்தில் 'சான்று தேவை' என்ற குறிப்பைப் போடுங்கள். அப்புறம் அவருடைய பேச்சுப் பக்கத்தில், வார்ப்புரு இல்லாமல், உங்கள் கையால் எழுதுங்கள்: "ஏரி தூர்வாரப்பட்டதைச் சேர்த்ததற்கு நன்றி. எந்த ஆண்டு என்று தெரியுமா? நாளிதழ்ச் செய்தி ஏதாவது இருந்தால் இணைப்பைக் கொடுங்கள். எப்படிச் சேர்ப்பது என்று காட்டுகிறேன்." அவர் எழுதியதை ஒரு மனிதர் படித்திருக்கிறார் என்பது இதிலிருந்து அவருக்குத் தெரிகிறது. "எந்த ஆண்டு" என்ற கேள்வியிலேயே ஒரு பாடமும் இருக்கிறது: "இரண்டு வருடங்களுக்கு முன்" என்று கலைக்களஞ்சியத்தில் எழுதினால் அடுத்த வருடமே அது பொய்யாகிவிடும்.

"இதற்கெல்லாம் நேரம் ஏது? விசமிகளை விரட்டவே பொழுது போதவில்லை" என்பீர்கள். நியாயம்தான். கெட்ட வார்த்தை எழுதுகிறவர், பக்கத்தையே காலி செய்கிறவர், இவர்களிடம் பேச்சுவார்த்தை வேண்டாம், தாராளமாக மீளமையுங்கள். சிக்கல் என்னவென்றால், விசமிக்கென்று செய்த கருவி அப்பாவியின் மேலும் அதே வேகத்தில் பாய்கிறது.

இது என் ஊகம் மட்டும் அல்ல. விக்கிப்பீடியா 2001 சனவரி 15 அன்று தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய நியூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டும்; அது நகரவே இல்லை. கதவைத் திறந்து வைத்ததால்தான் விக்கிப்பீடியா வளர்ந்தது. ஆனால் ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து பங்களிப்பவர்களின் எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டுவிட்டுச் சரிய ஆரம்பித்தது. ஆரன் ஹாஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்குக் காரணம் தேடியது. நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் தொகுப்புகள் முன்பைவிட அதிகமாக நிராகரிக்கப்பட்டன, அதில் தானாகவே தொகுக்கும் நிரல்களான தானியங்கிகளுக்கும் கருவிகளுக்கும் பங்குண்டு, அப்படி நிராகரிக்கப்பட்டவர்கள் தங்கவில்லை என்பது அவர்கள் கண்டது. தரத்தைக் காக்கச் செய்த ஏற்பாடே ஆள் வரத்தைக் குறைத்துவிட்டது.

சரி, வந்தவருக்கு முதலில் என்ன வேலை கொடுப்பது? எழுத்துப்பிழை திருத்தம், பிற கட்டுரைகளுக்கு உள்ளிணைப்பு, 'சான்று தேவை' என்று தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு வரிக்குச் சான்று தேடித் தருவது. முழுக் கட்டுரை வேண்டவே வேண்டாம் என்பேன். குறிப்பிடத்தக்கமை (பொருளுக்குத் தனிக் கட்டுரை பெறும் தகுதி), நடுநிலை, மேற்கோள், நடை எல்லாம் ஒரே நாளில் தலையில் இறங்கும். ஆனால் வருகிறவர் ஆசைப்படுவது அதற்குத்தானே! தடுக்க முடியாவிட்டால், மணல்தொட்டியில் எழுதச் சொல்லுங்கள். விதிகளையும் ஒரு நேரத்தில் ஒன்றாகச் சொல்லுங்கள். ஐந்து கொள்கைப் பக்கங்களின் இணைப்பை ஒரே செய்தியில் கொட்டினால், ஒன்றைக்கூட அவர் திறக்கப் போவதில்லை.

நாளிதழிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டுவதுதான் அடிக்கடி வரும் தொல்லை. "கீழே பெயர் போட்டிருக்கிறேனே" என்பார். பதிப்புரிமை மீறல் என்று மட்டும் சொன்னால் மிரட்டுகிற மாதிரி இருக்கும். காரணத்தைச் சொல்லுங்கள்: இங்கே எழுதுவதை யாரும் எடுத்து, மாற்றி, விற்கவும் செய்யலாம் என்று படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் கொடுக்கிறோம், நமக்குச் சொந்தமில்லாத வாக்கியத்தை அப்படிக் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது. தகவலை எடுத்துக்கொள்ளலாம், வாக்கியம் உங்களுடையதாக இருக்கட்டும். இவ்வளவு போதும், பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்று கொஞ்சம் கனமானது. மறைந்துபோன தன் அப்பாவைப் பற்றி எழுதுவதற்காகவே ஒருவர் வருகிறார். நல்லாசிரியர், ஊரே மதித்தவர். அதை நீக்கிவிட்டு "குறிப்பிடத்தக்கவர் அல்லர்" என்று எழுதினால், படிக்கிற பிள்ளைக்கு எப்படி இருக்கும்? விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை, கட்டுரை போகத்தான் வேண்டும். ஆனால் சொல்கிற விதம் நம் கையில் இருக்கிறது. "அவரோடு தொடர்பில்லாத பிறர் அவரைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டிருந்தால்தான் இங்கே கட்டுரை நிற்கும். அப்படி ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், அவருக்கு நன்றாகத் தெரிந்த வேறு ஒரு பொருளில் கைகோத்துக்கொள்ளுங்கள். பேச்சு நீக்கலோடு நின்றுவிடக் கூடாது.

கடைசியாக, பயிலரங்கு நடத்துகிறவர்களுக்கு. ஒரே இணைய இணைப்பிலிருந்து 24 மணி நேரத்தில் 6 கணக்குகளுக்கு மேல் தொடங்க முடியாது. ஏழாவது ஆளிலிருந்து எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். வீட்டிலேயே கணக்குத் தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வரம்பைத் தாண்டும் அனுமதி உள்ள ஒருவரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள். படம் எடுத்துக்கொண்டு கலைவதற்கு முன், வந்தவர்களின் பயனர் பெயர்களை உங்களுக்குள் ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அவரவர் 'பங்களிப்புகள்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். புதிதாக ஏதாவது இருந்தால் படித்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள். காலியாக இருந்தால், எங்கே மாட்டிக்கொண்டார் என்று கேளுங்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போது பேசலாம்.