கொல்லிமலைச் சாமை கொல்லிமலையிலேயே அரிசியாகட்டும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து நம்மோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, தோட்டக்கலைத் துறை அதிகாரிகளே, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, திருப்புளி நாடு என்று நம் மலைப் பிரிவுகளான எல்லா நாடுகளிலிருந்தும் வந்திருக்கும் ஊர்க்கவுண்டர்களே, பந்தலுக்குக் கீற்று கொடுத்த பெரியவரே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய தலைமையாசிரியர் அம்மா அவர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மலையின் அமைப்பு, வரலாறு, பொருளாதாரம் என்று மூன்றைப் பற்றியும் பேசச் சொல்லி விழாக்குழுவினர் கேட்டார்கள். சரி, அமைப்பிலிருந்து தொடங்குகிறேன். கிழக்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 280 சதுர கிலோமீட்டர் நம்முடையது. மேலே ஏறிவிட்டால் ஆயிரம் மீட்டருக்கு மேல் மேடும் பள்ளமுமான நிலம். அய்யாறு ஆகாயகங்கையாக விழுந்து, புளியஞ்சோலை வழியே கீழே போகிறது. பள்ளத்தில் நெல், சரிவில் சாமையும் கேழ்வரகும், நிழலில் மிளகும் காப்பியும் என்று நம் முன்னோர் நிலம் பார்த்துப் பயிர் வைத்தார்கள். வரலாறு என்றால் இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி. ஓரியைக் காரி கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று சங்கப் பாடல் சொல்கிறது. இந்த மலையின் விளைச்சல் மேல் வெளியாருக்கு அன்றைக்கே கண் இருந்திருக்கிறது. அதை விரிவாகப் பேச நேரம் இல்லை.

நான் எந்த மேடையில் ஏறினாலும் சொல்கிற பழமொழி உங்களுக்குத் தெரியும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது. ஏன் மிஞ்சவில்லை? அதற்கு ஒரு ஆயாவின் கதையைச் சொல்கிறேன்.

நம் மலைக்கார ஆயா ஒருவர் பேத்தி வீட்டு விசேஷத்துக்காக நாமக்கல் போயிருந்தார். பேத்தி அவரை ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போனாள். அலமாரியில் பளபளவென்று ஒரு பாக்கெட். ஆயா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்காரத் தம்பி ஓடிவந்து, "இதுக்குப் பேரு சாமை, ஆயா. கொல்லிமலைச் சரக்கு. உங்க வயசுக்கு இதைத்தான் சாப்பிடணும், சர்க்கரை ஏறாது" என்று விளக்கம் சொன்னார். ஆயா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து, "மல்லியச்சாமையும் பெருஞ்சாமையும் கலந்து கிடக்கு தம்பி" என்றார். இரண்டும் நம் மலைச் சாமை ரகங்கள். அந்தத் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் விலையைக் கேட்டார். தான் வியாபாரிக்குப் போட்ட விலையைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! ஆயா கேட்டார்: "உமியை எடுத்ததுக்கா இத்தனை காசு?"

கைதட்டுங்கள், அந்தக் கேள்விக்குக் கைதட்டத்தான் வேண்டும். நம் பொருளாதாரம் மொத்தமும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

சாமையின் உமி லேசில் போகாது. உரலில் போட்டுக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு அரை நாள் தோள்வலி. அந்தக் கஷ்டத்துக்குப் பயந்துதான் பெண்கள் சாமையை விட்டார்கள். ரேஷன் அரிசி வந்தது, சரிவெல்லாம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏறியது. கிழங்கைக் குறை சொல்ல நான் வரவில்லை, அதுதான் கையில் ரொக்கம் கொடுத்தது. ஆனால் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்காரர், கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று பாயிண்ட் கணக்கில் பார்த்துத்தான் விலை போடுகிறார். பாயிண்ட் குறைந்தால் விலையும் இறங்கும். கிழங்கு பிடுங்கிய சரிவில் மழை விழுந்தால் மேல்மண் ஓடையோடு போகிறது. உழுதவன் கணக்கில் அந்த மண்ணையும் சேர்த்துப் பாருங்கள், உழக்கு எங்கே மிஞ்சும்?

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நம் ஊர்கள் சிலவற்றில் மகளிர் குழுக்களிடம் உமி நீக்கும் எந்திரத்தைக் கொடுத்து, இது நடக்கும் என்று காட்டியது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஊரெல்லாம் சாமை தேடும் காலம் இது. மூட்டை மட்டும் ஏன் இன்னும் உமியோடு கீழே இறங்க வேண்டும்?

காப்பி, மிளகு, பலா பற்றியும் சொல்வதாக இருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதனால் கோரிக்கைக்கு வந்துவிடுகிறேன். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு உமி நீக்கும் எந்திரம். அதற்கு ஒரு கொட்டகை, தடையில்லாத மின்சாரம், பழுது பார்க்கத் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளை ஒருவர். பொறுப்பு மகளிர் குழுவிடம். அரைத்த சாமையை நம் பள்ளி விடுதிகளுக்கே அரசு வாங்க வேண்டும். மனு மேடைக்கு இடப்பக்க மேசையில் இருக்கிறது. வட்டாட்சியர் அவர்கள் கிளம்புவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு மையும் அங்கேயே இருக்கிறது. நன்றி, வணக்கம்.