இலவசம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்: கிவிக்கு ஒரு விளம்பரம்

வணக்கம். இன்று நிரல் எழுதப் போவதில்லை. நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு விளம்பரம் செய்யப் போகிறோம். பொருள் கிவி. பைத்தான் மொழியிலேயே கைபேசிச் செயலி எழுத உதவும் திறமூலக் கருவி அது, அதாவது அதன் நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். ஒரே நிரல் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். எனக்கும் அந்தத் திட்டத்துக்கும் தொடர்பில்லை, யாரும் பணம் தரவும் இல்லை. பயிற்சிக்காக எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

திரையில் தெரிகிறதே, இந்த வெள்ளைப் பெட்டி. அகலம் 300 பிக்சல், உயரம் 250 பிக்சல். இணையத்தில் அதிகம் புழங்கும் விளம்பர அளவுகளில் இதுவும் ஒன்று. இதற்குள் என்ன எழுதுவது என்பதுதான் இன்றைய கேள்வி.

இப்படிப்பட்ட கருவிகளுக்கு எல்லாரும் முதலில் எழுதும் வரி எது தெரியுமா? "ஒரு முறை எழுதுங்கள், எங்கும் ஓட்டுங்கள்." இது 1990களில் சன் நிறுவனம் ஜாவாவுக்காகச் சொன்னது. வாசகம் என்னவோ அருமையானதுதான். ஆனால் நிரலாளர்கள் அதை "ஒரு முறை எழுதுங்கள், எங்கும் பிழை தேடுங்கள்" என்று மாற்றிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அதே வரியை நீங்கள் இன்று எழுதினால், படிப்பவர் மனதில் அந்தக் கேலியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஃபேஸ்புக் 2015இல் ரியாக்ட் நேட்டிவ் என்ற செயலிக் கருவியை வெளியிட்டபோது இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. "ஒரு முறை கற்றுக்கொள்ளுங்கள், எங்கும் எழுதுங்கள்" என்றது. கவனியுங்கள், எங்கும் ஓடும் என்று சொல்லவில்லை. ஆண்ட்ராய்டுக்குக் கொஞ்சம் தனியாகவும் ஐபோனுக்குக் கொஞ்சம் தனியாகவும் எழுத வேண்டியிருக்கும், ஆனால் அதற்காகப் புதிதாக ஒன்றைப் படிக்க வேண்டாம் என்கிறது அந்த வரி. வாக்குறுதியை ஒரு படி இறக்கினார்கள், நம்பகத்தன்மை இரண்டு படி ஏறிவிட்டது. இந்தத் துறையில் எழுதப்பட்ட வாசகங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அடுத்து, "இலவசம்". இந்தச் சொல்லைத்தான் முதலில் வெட்டச் சொல்கிறேன். திறமூலக் கருவி என்றால் காசில்லை என்பது நிரலாளருக்குத் தெரியாதா? அவர் கையிலிருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை காசில்லாமல் வந்தவைதானே. பணம் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இல்லை. ஓர் ஆண்டு உட்கார்ந்து ஒரு செயலியைக் கட்டியபின், கருவி நடுவழியில் கைவிடப்பட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஃபோன்கேப் என்ற செயலிக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஐபோன் நிரலாளர் கூடுகையில் பிறந்தது. அதை உருவாக்கிய நிடோபி நிறுவனத்தை 2011இல் அடோபி வாங்கியது. 2020இல் அடோபி, ஃபோன்கேப் சேவைக்கு மூடுவிழா நடத்திவிட்டது. இதே வகைக் கருவியான ஸாமரினுக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2024 மே மாதத்தோடு முடிந்தது. டைட்டானியம் என்ற இன்னொரு கருவிக்கு 2022இல் இதே கதை. இவற்றை நம்பிச் செயலி எழுதியவர்கள், ஒன்று வேறு கருவிக்கு மாற வேண்டும், இல்லையென்றால் பழையதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அடோபி 2011இலேயே ஃபோன்கேப்பின் நிரலை அப்பாச்சி என்ற திறமூல அறக்கட்டளையிடம் ஒப்படைத்திருந்ததால், கார்டோவா என்ற பெயரில் அது பிழைத்துக்கொண்டது. டைட்டானியத்தையும் பயனர்களே கையில் எடுத்துத் தொடர்கிறார்கள். நிறுவனம் போனாலும் நிரல் போகாது என்பதுதான் திறமூலத்தின் உண்மையான பலம். விளம்பரத்தில் விற்க வேண்டியது இதைத்தான். அதை 300 பிக்சலுக்குள் எப்படிச் சொல்வது?

என் விடை இரண்டு துண்டுகள். "எம்ஐடி உரிமம்." "2011 முதல்." இவ்வளவு போதும்.

எம்ஐடி உரிமம் என்று பார்த்ததுமே நிரலாளருக்கு விஷயம் விளங்கிவிடும். கட்டணம் இல்லை, இதில் செய்த செயலியைத் தாராளமாக விற்கலாம், தன் நிரலை வெளியிட வேண்டிய கட்டாயமில்லை, கையில் இருக்கும் பதிப்பை யாரும் பிடுங்க முடியாது. இலவசம் என்ற சொல் இதில் கால்வாசிகூடச் சொல்வதில்லை. 2011 என்பது கிவியின் முதல் பதிப்பு வந்த ஆண்டு. மேலே சொன்ன கருவிகள் மூடப்பட்ட காலம் முழுவதும் இது ஓடிக்கொண்டிருந்தது என்று அந்த நான்கு இலக்கங்களே சொல்லிவிடும். "நம்பகமானது", "நிலையானது" என்று பெயரடைகளை அடுக்கினால் யாரும் நம்பப் போவதில்லை.

சரி, யாருக்கு இந்த விளம்பரம்? செயலி எழுதுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு என்று நினைத்தால், வீண். அவரிடம் கூகுளின் ஃப்ளட்டர் கருவி இருக்கிறது, ரியாக்ட் நேட்டிவ் இருக்கிறது, காட்லின் மொழி இருக்கிறது. கிவியின் பொத்தான்களும் பட்டியல்களும் கைபேசியின் சொந்தப் பொத்தான்கள் அல்ல. ஓபன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகம் வழியாகக் கிவியே வரைந்துகொள்பவை. ஐபோனில் பார்த்தால் ஐபோன் செயலி மாதிரித் தெரியாது. தொழில்முறைக்காரர் இதை முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்து மூடிவிடுவார்.

ஆனால் ஆய்வகத்தில் கருவிகளின் அளவீடுகளைப் பைத்தானில் அலசும் ஓர் ஆராய்ச்சியாளரை நினைத்துப் பாருங்கள். அல்லது பள்ளியில் பைத்தான் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரை. எழுதிவைத்த நிரல் அவர்களிடம் இருக்கிறது, அதைக் கைபேசிக்குக் கொண்டுபோகத்தான் வழி தெரியவில்லை. இதற்காக ஜாவா, டார்ட் என்று இன்னொரு மொழி கற்க அவர்களுக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. நம் விளம்பரம் இவர்களுக்கு. ஆகவே இதை வைக்க வேண்டிய இடமும் கைபேசி நிரலாளர்கள் கூடும் இடம் அல்ல. பைத்தான் நூலகங்களின் ஆவணப் பக்கங்கள், பைகான் மாதிரியான பைத்தான் மாநாடுகளின் இடைவேளைத் திரை, இப்படி.

அப்படியானால் தலைப்பு வரி தானாகவே வந்துவிடுகிறது: "பைத்தான் தெரியுமா? செயலியையும் அதிலேயே எழுதலாம்." பல இயங்குதளம் என்ற பேச்சே இதில் இல்லை பாருங்கள். அந்த ஆசிரியருக்கு அது முதல் கவலை அல்ல. உள்ளே வந்தபின் தெரிந்துகொள்ளட்டும்.

இனி படம். (திரையில் பழைய மாதிரி ஒன்றைக் காட்டுகிறார்.) இந்த வகை விளம்பரங்களில் வழக்கமாக என்ன போடுவார்கள்? ஆண்ட்ராய்டு ரோபோ, ஆப்பிள் சின்னம், விண்டோஸ் சதுரம், பென்குவின் என்று வரிசையாக ஒட்டுவார்கள். 300 பிக்சலில் ஐந்து சின்னங்கள் வைத்தால் ஒன்றும் கண்ணில் நிற்காது. தவிர, ஆப்பிள் சின்னத்தை அனுமதியில்லாமல் விளம்பரத்தில் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. தூக்கிவிடலாம்.

நான் ஒரு வரி நிரலையும் அதன் விளைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். ஃப்ளட்டரைப் பரப்பியது எந்த வாசகமும் அல்ல என்பது என் கணிப்பு. மேடையில் ஒருவர் நிரலில் நிறத்தை மாற்றிச் சேமித்ததும், கைபேசித் திரையில் அடுத்த நொடி அது மாறியது பாருங்கள், அந்தக் காட்சிதான் பரப்பியது. நம் பெட்டி அசையாப் படம். அசையும் படம் போடலாம்தான், ஆனால் ஆவணம் படிக்கிறவரின் ஓரக்கண்ணில் எதுவோ துடித்துக்கொண்டே இருந்தால் அவருக்கு எரிச்சல்தான் வரும். அதனால் காரணத்தையும் விளைவையும் ஒரே படத்தில் காட்டிவிடுவோம்.

கிவியில் மிகச் சிறிய செயலி ஆறேழு வரிகள். முழுவதையும் போட்டால் எழுத்து எறும்பு அளவுக்குப் போய்விடும். "வணக்கம்" என்ற பொத்தானைத் திருப்பித்தரும் வரி மட்டும் போதும். இப்போது அதை ஓட்டுகிறேன்... பாருங்கள், திரை முழுக்க ஒரே சாம்பல் நிறம். ஒற்றைப் பொத்தானைக் கொடுத்தால் கிவி அதைத் திரை நிறைய விரித்துவிடும். பார்க்கச் சகிக்கவில்லை. அளவைக் குறைத்து, ஒரு நிறம் கொடுத்து, மேலே ஒரு தலைப்பு சேர்க்கிறேன். ஒப்பனை செய்கிறேன் என்று யாராவது சொல்லலாம். கிவியில் செய்ய முடிகிற ஒப்பனைதானே, ஏமாற்று இல்லை.

இன்னொன்று. பொத்தானில் தமிழில் எழுதியதும் கட்டம் கட்டமாக வந்ததைக் கவனித்தீர்களா? கிவி தானாக எடுத்துக்கொள்ளும் எழுத்துரு ரோபோட்டோ. அதில் தமிழ் எழுத்துகள் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஓர் எழுத்துருவைக் கோப்புறையில் வைத்து, பெயரைச் சுட்டினால் வந்துவிடும். "வணக்கம்" என்பதோடு நிறுத்தாமல் "சேமி", "தொடங்கு" போன்ற சொற்களையும் போட்டுப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் சரியாக நிற்கிறதா என்று சோதித்த பிறகே படம் பிடியுங்கள். ஒடிந்த எழுத்தோடு ஒரு விளம்பரம் போனால், தமிழ் தெரிந்தவர் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக: எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடாவது இருக்கட்டும். இணைய அணுகல்தன்மை வழிகாட்டிகள் சாதாரண அளவு எழுத்துக்குச் சொல்வது அதுதான். வெள்ளைப் பின்னணி என்றால் சுற்றிலும் மெல்லிய கோடு போடுங்கள், இல்லையேல் பெட்டி பக்கத்தோடு கரைந்துபோகும்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சொடுக்கியவர் எங்கே போய் இறங்குகிறார்? முகப்புப் பக்கத்துக்கு அனுப்பாதீர்கள். விளம்பரத்தில் எந்தப் பொத்தானைக் காட்டினீர்களோ, அதே பொத்தானை அவர் கணினியில் வரவைக்கும் பக்கத்துக்கு அனுப்புங்கள். நிறுவும் கட்டளை ஒரு வரி, பிறகு அந்த ஆறேழு வரிகள், ஓட்டினால் கணினியிலேயே ஒரு சாளரம் திறக்கும். அதுவரை ஆண்ட்ராய்டு பேச்சையே எடுக்கக் கூடாது.

ஏனென்றால் ஆண்ட்ராய்டில் நிறுவத்தக்க கோப்பாகச் செயலியைப் பொட்டலம் கட்டும் வேலையை பில்டோசர் என்ற துணைக்கருவி செய்கிறது. முதல் முறை ஓட்டும்போது ஆண்ட்ராய்டின் மென்பொருள் தொகுதிகள் எல்லாவற்றையும் அது தரவிறக்கும். நேரம் பிடிக்கும், வட்டிலும் இடம் தின்னும். அது ஓடுவது லினக்ஸிலும் மேக்கிலும். விண்டோஸ்காரர் அதற்குள்ளேயே லினக்ஸைத் துணைக்கு நிறுவிக்கொள்ள வேண்டும். ஐபோனுக்கென்றால் மேக் கணினி கட்டாயம், ஆப் ஸ்டோரில் வைக்க ஆண்டுக்கு 99 டாலர். "ஐந்தே நிமிடத்தில் உங்கள் செயலி கைபேசியில்" என்று நீங்கள் எழுதியிருந்தால், ஆறாவது நிமிடத்தில் அவர் உங்களைத் திட்டிக்கொண்டிருப்பார். இந்தத் தடைகளை அந்தப் பக்கத்திலேயே, சாளரம் திறந்த மகிழ்ச்சிக்குப் பின்னால், ஒளிக்காமல் எழுதிவிடுங்கள். ஒரு முறை வேலை செய்ததைப் பார்த்தவர் கொஞ்சம் காத்திருப்பார்.

விளம்பரம் பலித்ததா என்று எப்படித் தெரியும்? தரவிறக்க எண்ணிக்கையைக் காட்டி யாராவது பெருமைப்பட்டால் நம்பாதீர்கள். பைத்தான் தொகுப்புகளைத் தானியங்கிச் சோதனை இயந்திரங்கள் ஓயாமல் இறக்கிக்கொண்டே இருக்கின்றன. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பிடித்ததற்குத் தரும் நட்சத்திரமும் அப்படித்தான், குத்திவிட்டு மறந்துபோனவர்களே அதிகம். விளம்பரத்துக்கென்று தனி இணைப்பு கொடுத்து, வந்தவர்களில் எத்தனை பேர் பொட்டலம் கட்டும் பக்கம்வரை போனார்கள் என்று பாருங்கள். புதிதாக வந்தவர்கள் கேட்கும் கேள்விகளின் தரத்தையும் பாருங்கள். "பில்டோசர் இந்த இடத்தில் நிற்கிறது" என்று ஒருவர் கேட்டால், அவர் உண்மையிலேயே செய்து பார்க்கிறார் என்று பொருள்.

இதோ, முடிந்த படம். மேலே தலைப்பு வரி, இடப்பக்கம் ஒரு வரி நிரல், வலப்பக்கம் கைபேசியில் அதே பொத்தான், அடியில் "கிவி. எம்ஐடி உரிமம். 2011 முதல்." இரண்டாவது மாதிரி ஒன்றும் செய்திருக்கிறேன், அதில் நிரல் வரி இல்லை, பொத்தான் மட்டும் பெரிதாக இருக்கிறது. எனக்கு முதலாவதே சரி என்று படுகிறது. பைத்தான் சொல்லிக்கொடுப்பவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் மாணவர்களிடம் இரண்டையும் காட்டி, எதைச் சொடுக்குவார்கள் என்று கேட்டுக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். படக் கோப்புகளின் இணைப்பைக் கீழே கொடுத்திருக்கிறேன், உங்கள் கருவிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.