கடல்நீர்த் தொட்டியில் சுணைப்புழு

நேயர்களுக்கு வணக்கம். தொட்டி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சை அடித்துப் பாருங்கள். பாறை இடுக்கிலிருந்து இளஞ்சிவப்பாய், இரு பக்கமும் வெள்ளைச் சுணையோடு ஒரு புழு தலை நீட்டும். கடைக்காரர்கள் பிரிஸில் வார்ம் என்பது இதைத்தான். லைவ் ராக், அதாவது நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறைத் துண்டு, அதோடு ஒட்டிக்கொண்டு வந்து சேர்வது.

பார்த்ததும் மருந்துக்கு ஓடாதீர்கள். வீட்டுத் தொட்டிகளில் அதிகம் இருப்பது யூரித்தோ போன்ற சாதுவான இனங்கள். மிஞ்சிய தீவனமும் கழிவும் செத்த உடலும்தான் இவற்றின் ஆகாரம். காலையில் செத்த மீனை மொய்த்துக் கிடந்தால் பழி புழுமேல் விழும். அந்த மீன் பெரும்பாலும் முன்பே செத்திருக்கும், கழிவு அழுகி உண்டாகும் நஞ்சான அம்மோனியா தண்ணீரில் ஏறியிருக்கிறதா என்று சோதியுங்கள். பவளத்தைத் தின்னும் ஹெர்மோடைஸ் என்ற நெருப்புப் புழு வேறு. உடல் தடித்து, சுணைக் கற்றையை ஒட்டிச் சிவந்த செவுள் கொத்து இருக்கும். அது அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் பக்கத்து இனம்.

புழு பெருகினால் தீவனம் மிஞ்சுகிறது என்று பொருள். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள். உறைந்த தீவனத்தை வடிகட்டியில் அலசிவிட்டுப் போடுங்கள். பாறைக்குப் பின்னால் படியும் வண்டலை, தண்ணீர் மாற்றும்போதே குழாயால் உறிஞ்சி எடுங்கள். இதைச் செய்யாமல் பொறி வைப்பது வீண் வேலை.

பொறி என்பது பெரிய விஷயமில்லை. மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பா, பக்கவாட்டில் 4, 5 மில்லிமீட்டர் துளைகள், உள்ளே ஒரு துண்டு இறால், மிதக்காமல் இருக்க ஒரு கூழாங்கல். துளை பெரிதானால் துறவி நண்டு புகுந்து இறாலைக் காலி செய்துவிடும். விளக்கை அணைத்ததும் பாறையடியில் வையுங்கள். விடியுமுன், விளக்கு எரியுமுன் எடுத்துவிட வேண்டும். வெளிச்சம் பட்டால் புழு நழுவிப் போகும். தூக்கும்போது அடியில் வலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இடுக்கியால் பிடித்து இழுப்பதில் ஒரு சிக்கல். யூரித்தோ துண்டானால், துண்டுகள் தனித்தனிப் புழுவாக வளரக்கூடும். செம்பு மருந்து அதைவிட மோசம்: இறால், நத்தை எல்லாம் போகும், பாறைக்குள்ளேயே புழுக்கள் மொத்தமாகச் செத்து அழுகினால் அம்மோனியா எகிறும். ஆறுகோட்டு ராஸ் மீனும் அம்பு நண்டும் சின்னப் புழுக்களைத் தின்னும். ஆனால் அம்பு நண்டு சின்ன மீனையும் விட்டுவைக்காது. எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை.

பாறையைத் தொடும்போது தடித்த ரப்பர் கையுறை கட்டாயம். சுணை ஏறினால் கம்பளிப்பூச்சி பட்டதுபோல எரியும். தேய்த்தால் சுணை உடைந்து உள்ளே போகும். செல்லோடேப்பை ஒட்டி உரித்தெடுங்கள், பிறகு அந்த இடத்தை வினிகரில் நனையுங்கள். வீக்கம் பரவினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.