பந்து யார் கையில்?

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து என்றதும் முட்டி மோதும் மலைபோன்ற உடல்கள்தாம் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது, எதிராளியை மோதித் தள்ளாமல் அவனாகவே விலகி ஓடச் செய்யும் ஆட்டமுறையைப் பற்றி. 'விங் டி' என்று அதற்குப் பெயர்.

1903 அக்டோபர் 31. ஹார்வர்டை எதிர்த்து ஆடியது கார்லைல் பள்ளி. அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, மொழியைப் பறித்து, 'நாகரிகம்' கற்பிப்பதற்கென்று அரசு நடத்திய பள்ளி அது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில், உதைத்து வந்த பந்தைப் பிடித்த கார்லைல் வீரர்கள் ஒரு கொத்தாகக் கூடினார்கள். கலைந்தபோது ஆளுக்கொரு பந்தை வைத்திருப்பவர்களைப் போல ஓடினார்கள். உண்மையான பந்தோ சார்லஸ் டில்லனின் சட்டைக்குள், முதுகுப்பக்கம் இருந்தது. அதற்கென்றே சட்டையில் எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் செய்திருந்தார் பயிற்சியாளர் பாப் வார்னர். வெறுங்கையை வீசிக்கொண்டு வந்த டில்லனை யாரும் பொருட்படுத்தவில்லை. அவர் எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளிகளை எடுத்துவிட்டார். ஆனாலும் ஹார்வர்ட்தான் 12-11 என்று வென்றது.

கேட்க இனிக்கும் கதைதான். ஆனால் அந்தத் தந்திரம் ஒரே ஒருமுறைதான் பலிக்கும். அடுத்த ஆட்டத்தில் எதிரணி சட்டைகளைப் பார்க்கும். பந்தை உடைக்குள் மறைப்பதை இன்றைய விதிகளும் தடுக்கின்றன. மறைக்கவே தேவையில்லாத ஏமாற்று வேண்டும். எதிராளிக்குத் தெரிந்திருந்தாலும் அவன் ஏமாற வேண்டும். விங் டி-யின் வரலாறு என்பது அந்த ஏமாற்றைத் தேடிய வரலாறு.

வார்னரே பாதி வழி போய்விட்டார். முன்வரிசையின் ஓரத்தில் ஓர் ஆளைச் சிறகுபோல் நிறுத்தும் 'சிங்கிள் விங்' அவர் வகுத்தது. 1912-இல் நட்சத்திர வீரர் ஜிம் தோர்ப்பை வைத்துக்கொண்டு கார்லைல் அமெரிக்க ராணுவக் கல்லூரியை 27-6 என்று வீழ்த்தியதும் சிறகமைப்பில்தான். பிறகு, ஆட்டக்காரர்கள் ஆங்கில T எழுத்துபோல் நிற்கும் 'டி' அமைப்பு மேலெழுந்தது. அதில் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக், முன்வரிசையின் நடுவிலிருந்து பந்தைப் பின்னால் தரும் சென்டரின் முதுகுக்குப் பின்னாலேயே நின்று அதை வாங்குவார். 1940-இல் தொழில்முறை அணியான சிகாகோ பேர்ஸ் இந்த அமைப்பில் ஆடி, இறுதிப் போட்டியில் வாஷிங்டனை 73-0 என்று நொறுக்கியது. அதன் பிறகு பழைய சிறகமைப்பைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் குறைவு.

அந்தக் குறைவானவர்களில் ஒருவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃப்ரிட்ஸ் கிறிஸ்லர். அவரிடம் ஆடிய டேவிட் நெல்சன், 1950 வாக்கில் மேய்ன் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்தபோது சிறகையும் 'டி'யையும் இணைத்து விங் டி-யை உருவாக்கினார். சிறகும், முன்வரிசையிலிருந்து விலகி ஓடி வழி திறக்கும் கார்டுகள் என்ற தடுப்பாளர்களும் குருவிடமிருந்து வந்தவை. குவாட்டர்பேக் நிற்கும் இடம் 'டி'யிலிருந்து வந்தது. 1951-இல் அவர் டெலவேர் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது மிச்சிகனின் சிறகு வரைந்த தலைக்கவசத்தையும் கையோடு கொண்டுபோனார். இன்றும் டெலவேர் அதைத்தான் அணிகிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பந்தை வாங்கிய குவாட்டர்பேக் முதுகைக் காட்டித் திரும்புகிறார். பின்னால் நிற்கும் ஓட்டக்காரர்களில் ஒருவரான ஃபுல்பேக் குனிந்து, வயிற்றை அணைத்தபடி நடுவில் பாய்கிறார். அவரிடம் பந்து இல்லை. பின்னால் வரும் இன்னொரு ஓட்டக்காரரான ஹாஃப்பேக் அதை வாங்கிக்கொண்டு வலப்பக்கம் ஓட, சென்டரின் இருபுறமும் நின்ற கார்டுகள் இருவரும் இடம்பெயர்ந்து அவருக்கு முன்னால் வழியைத் திறக்கிறார்கள். இது 'பக் ஸ்வீப்'. இதைத் தடுக்க எதிரணி ஓரத்துக்கு ஓடத் தொடங்கியதா? அடுத்த முறை ஃபுல்பேக்கிடம் பந்து நிஜமாகவே இருக்கும். நடுவில் ஆள் இருக்காது. இரண்டையும் காவல் காக்கிறார்களா? குவாட்டர்பேக் இருவருக்கும் கொடுப்பதுபோல் போக்குக் காட்டிவிட்டு, பந்தைத் தொடையோடு சேர்த்துப் பிடித்து இடப்பக்கம் நழுவுவார். இம்முறை கார்டுகளும் அந்தப் பக்கமே ஓடுவார்கள். இது 'வேகில்'. மூன்றுக்கும் முதல் அடி ஒன்றே. எதிராளி எதைச் சரிசெய்கிறானோ அந்தத் திருத்தமே அவனுக்கு அடுத்த குழி. ஆள் பலம் குறைந்த அணிகளுக்கு இது வரமாக அமைந்ததில் வியப்பில்லை.

பலசாலிகளும் இதை விடவில்லை. நெல்சனோடு மிச்சிகனில் ஆடிய ஃபாரஸ்ட் எவஷெவ்ஸ்கி, அயோவா பல்கலைக்கழக அணிக்கு இதைக் கற்பித்து, புகழ்பெற்ற கல்லூரி ஆட்டமான ரோஸ் பவுலை 1957, 1959 ஆண்டுகளில் வென்றார். டெலவேரில் நெல்சனுக்குப் பின் வந்த டப்பி ரேமண்டும் கிறிஸ்லரிடம் ஆடியவரே. 1966 முதல் 2001 வரை அவர் பெற்ற வெற்றிகள் 300. ஓய்வு நேரத்தில் தன் இறுதியாண்டு வீரர்களின் உருவங்களை ஓவியமாகத் தீட்டிய மனிதர் அவர். ஒரே அசைவை ஆயிரம் முறை ஒத்திகை பார்க்கவைக்கும் பொறுமை அங்கிருந்துதான் வந்ததோ என்னவோ!

நெல்சனைப் பற்றி இன்னொரு செய்தி. எதிராளியின் கண்ணை ஏய்ப்பதற்கு ஒரு முறையையே வகுத்த அவர், கல்லூரிக் கால்பந்து விதிக் குழுவின் செயலாளராக 1991-இல் இறக்கும்வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இருந்தார். டில்லனின் சட்டையைப் போல் அவருடைய ஏமாற்றை எந்த விதியாலும் தடுக்க முடியாது, ஏனென்றால் அதில் மறைப்பு என்று எதுவும் இல்லை.

ரேமண்டுக்குப் பின் டெலவேரே விங் டி-யைக் கைவிட்டது. குவாட்டர்பேக்கைப் பின்னால் தள்ளி நிறுத்தி, ஆட்டக்காரர்களை அகலப் பரப்பும் முறைகள் கல்லூரிகளை ஆண்டன. பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிகளில்தான் அது தொடர்ந்தது. அப்படியொரு பள்ளிப் பயிற்சியாளராகத் தொடங்கிய கஸ் மால்சான் தாக்குதலை வகுத்துத் தர, ஆபர்ன் பல்கலைக்கழகம் 2010 பருவத்தில் தேசியப் பட்டத்தை வென்றது. அந்த அணி பரந்து நின்றுதான் ஆடியது, வேகமாகவும் ஆடியது. ஆனால் ஓட்டத்துக்கு அது நம்பியவற்றுள் ஒன்று, கார்டுகள் முன்னே ஓடி வழி திறக்கும் அதே பக் ஸ்வீப்.