குன்னூர் மூடுபனியும் இடம் மாறிய முக்கோணமும்

வணக்கம். குன்னூரில் விடிந்ததிலிருந்து மூடுபனி. தேயிலைத் தோட்டத்துக்குப் போய் எடுக்க நினைத்த காணொளி இன்று நடக்காது. அதனால் சாப்பாட்டு மேசையிலேயே வரைபடத்தாளை விரித்துவிட்டேன்.

பக்கத்தில் இருப்பது நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூவேலைச் சால்வை. கேமராவை நெருக்கிக் காட்டுகிறேன், பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல். தோடர் பெண்கள் துணியில் படம் வரைந்துகொண்டு தைப்பதில்லை. நெடுக்கு இழையான பாவு நூலையும் குறுக்கு இழையான ஊடை நூலையும் எண்ணியே ஊசியை ஏற்றுகிறார்கள். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறுக்கே எத்தனை இழை, மேலே எத்தனை இழை என்ற இந்தக் கணக்கைத்தான் பள்ளியில் ஆயத்தொலைவு என்று படித்தோம்.

எனக்கும் ஆசை வந்து, கட்டம் போட்ட துணியில் ஒரு முக்கோணம் தைத்தேன். முனைகள் (1, 1), (4, 1), (1, 3). முதல் எண் குறுக்கே, இரண்டாம் எண் மேலே. வலப்பக்கம் ஐந்து கட்டம் நகர்த்தினால் முதல் எண்ணோடு 5 கூடும். அதில் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை.

கண்ணாடிப் பிம்பம்போல் மறுபக்கம் புரட்டும் எதிரொளிப்புதான் வேடிக்கை. முதல் எண் 0 ஆக இருக்கும் செங்குத்துக் கோடான ஒய் அச்சைக் கண்ணாடியாக வைத்தால் முதல் எண்ணின் குறி மாறும்: (-1, 1), (-4, 1), (-1, 3). பக்கமும் கோணமும் அப்படியே இருக்கின்றன. ஆனால் முனைகளை அதே வரிசையில் விரலால் தொட்டு வாருங்கள். முன்பு கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றிய விரல், இப்போது கடிகார முள்ளோடு போகிறது. தாளை எப்படித் திருப்பினாலும் ஒன்று மற்றொன்றின் மேல் பொருந்தாது. வெட்டியெடுத்துக் குப்புறப் போட்டால்தான் பொருந்தும். சுழற்சியில் இந்தத் தொல்லை இல்லை. ஆதிப்புள்ளியான (0, 0)வைச் சுற்றி இடஞ்சுழியாக 90 பாகை திருப்பினால் (4, 1) என்பது (-1, 4) ஆகும், விரல் பழைய திசையிலேயே போகும்.

பக்கங்களை இரு மடங்கு பெரிதாக்கினால் பரப்பு 3 கட்டத்திலிருந்து 12 கட்டமாகிவிடும். நூல் வாங்கும்போது இரு மடங்கு வாங்கி ஏமாறாதீர்கள்.

இனி என் அசட்டுத்தனம். எதிரொளித்துவிட்டு வலப்பக்கம் ஐந்து கட்டம் நகர்த்த வேண்டும். (1, 1) முனை (4, 1)க்கு வந்திருக்கும். நான் முதலில் நகர்த்தி (6, 1)க்குப் போய், பிறகு எதிரொளித்தேன். வந்து சேர்ந்த இடம் (-6, 1). பத்துக் கட்டம் தள்ளி, துணியின் அந்தக் கோடியில்! முக்கோணம் நகர்ந்ததே தவிர, அச்சு நகரவில்லை. கண்ணாடியிலிருந்து நாம் ஐந்தடி பின்னால் போனால், பிம்பமும் அந்தப் பக்கம் ஐந்தடி போகுமல்லவா? மேலே நகர்த்தியிருந்தால் தப்பித்திருப்பேன். அது ஒய் அச்சின் போக்கிலேயே போவதால் எதை முதலில் செய்தாலும் ஒன்றுதான்.

தையலைப் பிரிக்க ஒரு மாலைப் பொழுது போயிற்று. ஊசித் துளை இன்னும் மறையவில்லை. இதோ, என் விரலுக்குக் கீழே, (-6, 1).