எம்.பி. பதவி அஞ்சு வருஷம், பறவைப் பைத்தியம் ஆயுசு பூரா! கட்ச் ராஜா வீட்டு ஹிம்மத்சிங்ஜி

வணக்கம் மக்களே! ஒரு பறவை தன் குஞ்சுக்குப் பால் குடுக்குது, அதுவும் செக்கச்செவேல்னு. தம்ப்நெயில் பாத்து உள்ள வந்தவங்களுக்கு சொல்றேன், சத்தியமா உருட்டு இல்ல, மேட்டருக்கு வர்றேன், அதுக்குள்ள ஓட்டி விட்டுடாதீங்க.

முதல்ல ஆளு யாருன்னு பாத்துடுவோம். ஹிம்மத்சிங்ஜி, குஜராத்ல கட்ச் சமஸ்தானத்து ஜடேஜா ராஜ குடும்பம், 1928ல பொறந்தவரு, அப்பா மகாராவ் விஜயராஜ்ஜி, மகாராவ்னா கட்ச் ராஜாவோட பட்டம். அண்ணன் மதன்சிங்ஜிதான் கடைசி மகாராவ், 1948ல சமஸ்தானம் இந்திய அரசு கைக்குப் போயிடுச்சு. வரலாறு கிளாஸ் ஓவர்.

இப்ப பறவை எப்படி உள்ள வந்துச்சுன்னா, இவருக்கு 15, 16 வயசு இருக்கும்போது அப்பா மகாராவ் ஒரு வேலை பண்ணாரு, சலீம் அலியைக் கூப்பிட்டு எங்க நாட்டுல என்னென்ன பறவை இருக்குன்னு கணக்கெடுத்துக் குடுங்கன்னாரு. ஆமா, இந்தியாவோட பெரிய பறவை ஆராய்ச்சியாளர், நம்ம சலீம் அலியேதான்! அதுதான் 1945ல கட்ச் பறவைகள் பத்தின புத்தகமா வந்துச்சு. மத்த ராஜாங்க புலி சுட்டு அது மேல கால வச்சு போட்டோ எடுத்துட்டு இருந்த காலம் அது.

அதே 1945 ஏப்ரல்ல சலீம் அலி ஒட்டகத்துல ஏறி கிரேட் ரண் உள்ள போறாரு. ரண்ணுன்னா கண்ணுக்கு எட்டின வரைக்கும் உப்பும் சேறும், மழை பெஞ்சா முட்டிக்குக் கூட எட்டாத தண்ணி. அதுக்கு நடுவுல பூநாரைங்க கூடு கட்டுற இடம் ஒன்னு இருக்கு, பேரே ஃபிளமிங்கோ சிட்டி. அன்னைக்கு 5 லட்சம் பறவை இருக்கும்னு மதிப்பு போட்டாரு. அஞ்சு லட்சம்ங்க! கோடியக்கரையிலயும் பழவேற்காட்டுலயும் நாம பாக்குற அதே பூநாரைதான், ஆனா இங்க அது இரை தேட வருது, அங்க குடும்பமே நடத்துது.

கூடு எப்படின்னு பாருங்க. அலகாலயே சேத்த வழிச்சு வழிச்சு, பூந்தொட்டியைக் கவுத்து வச்ச கணக்கா ஒரு மேடு கட்டும், உச்சியில லேசா ஒரு பள்ளம், அதுல ஒரே ஒரு முட்டை. தண்ணி கொஞ்சம் ஏறினாலும் முட்டை நனையாது, சுத்தி சேறுங்கறதால நரியும் சுலபமா வர முடியாது. என்ஜினியரிங் டிகிரி எதுவும் இல்லாம! ஆனா மழை சரியா பெஞ்ச வருஷம்தான் கட்டும், இல்லன்னா அந்த வருஷம் லீவு.

குஞ்சு பொறக்கும்போது சாம்பல் கலரு, அலகு நேரா இருக்கும், அந்த வளைஞ்ச அலகு அப்புறமாதான் வரும். அதுவரைக்கும் தண்ணிய வடிகட்டித் திங்க முடியாதுல்ல, அதுக்குத்தான் இந்தப் பாலு. அம்மா அப்பா ரெண்டு பேருமே தொண்டைப் பக்கம் சுரக்க வச்சு வாயில விடுவாங்க. சிவப்பு எங்கேர்ந்து வருதுன்னா, திங்கிற பாசி, குட்டி இறால்ல இருக்குற நிறமிதான் இறகுக்கும் ரோஸ் குடுக்குது பாலுக்கும் சிவப்பு குடுக்குது, குஞ்சுக்கு ஊட்டி ஊட்டி பெத்தவங்க இறகே வெளுத்துப் போயிடும். எங்க அம்மா இந்த வீடியோ பாத்தா "அப்ப நான் மட்டும் என்ன"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க, விடுங்க.

சரி அரசியல். 1959ல நம்ம ராஜாஜி ஆரம்பிச்சாரே சுதந்திரா கட்சி, அதுல நின்னு 1962ல கட்ச் தொகுதி எம்.பி. ஆனாரு ஹிம்மத்சிங்ஜி. நாடு முழுக்க அந்தக் கட்சிக்குக் கிடைச்சது 18 சீட், அதுல ஒன்னு இவரோடது. இவர் எம்.பி.யா இருக்கும்போதே, 1965ல, பாகிஸ்தானோட சண்டை வந்ததும் இதே ரண்ணுலதான். பூநாரைக்கு பார்டர் தெரியுமா என்ன!

அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும், கட்ச்ல எந்தப் பறவை வந்தாலும் இவர் என்ன சொல்றாருன்னு கேக்குற அளவுக்குப் பேரு வாங்கினது குறிப்பு எழுதி எழுதித்தான். ஒரு சாம்பிள்: ஹைபோகோலியஸ்னு ஒரு பறவை, புல்புல் மாதிரி சைஸு, சாம்பல் உடம்பு, ஆணுக்குக் கண்ணச் சுத்தி திருடன் முகமூடி கணக்கா கருப்பு. அந்தப் பறவைக் குடும்பத்துலயே இது ஒன்னுதான் இருக்கு, சொந்தக்காரன் கிடையாது. ஈராக், ஈரான் பக்கம் கூடு கட்டி, குளிருக்கு கட்ச் வரும், மிஸ்வாக் குச்சி ஒடிப்பாங்கல்ல, அந்த உகாய் மரத்துப் பழம் அதுக்கு உசுரு. இது கட்ச்சுக்கு வருதுன்னு 1996ல வெளிவந்த கட்டுரையை எழுதின மூணு பேர்ல ஹிம்மத்சிங்ஜியும் ஒருத்தரு. கணக்குப் போடுங்க, 68 வயசு! நம்மாளுங்க அந்த வயசுல வாட்ஸப்ல குட்மார்னிங் அனுப்பிட்டு இருக்காங்க.

இன்னைக்கு ஃபுலாய்ங்கற கிராமத்துக்கு இந்த ஒரு பறவையைப் பாக்கவே வெளிநாட்டுல இருந்து கேமராவோட வந்து நிக்கிறாங்க. போறதா இருந்தா குளிர்காலத்துல போங்க, பக்கத்துல சாரி தண்ட்னு ஒரு ஏரி இருக்கு, அதையும் விட்டுடாதீங்க, கொக்குக் கூட்டம் அள்ளும்.

பழவேற்காட்டுல பூநாரை பாத்தவங்க எந்த மாசம் பாத்தீங்கன்னு கமெண்ட்ல போடுங்க. அடுத்து பரோடா ஃபதேசிங்ராவ், அவரும் ராஜா, எம்.பி., போதாததுக்கு கிரிக்கெட் போர்டு தலைவர் வேற. சப்ஸ்கிரைப் பண்ணாதவங்க பண்ணிடுங்கப்பா!