ஓநாயும் வாக்குச்சீட்டும்: அமெரிக்க வேட்டைக்காரர்களின் இரட்டைக் கவலை

வணக்கம் நண்பர்களே. ஓநாய்கள் பெருகினால் எல்க் மான் வேட்டைக்கு இடமிருக்காது என்ற பேச்சு அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே நெடுநாளாக உண்டு. அந்த அச்சத்தில் பாதிதான் ஓநாயைப் பற்றியது என்றும், மீதிப் பாதி வேட்டையின் விதிகளை யார் வகுப்பது என்பதைப் பற்றியது என்றும் நான் நினைக்கிறேன்.

முதல் பாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1995, 1996 ஆம் ஆண்டுகளில் கனடாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 31 ஓநாய்கள் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் விடப்பட்டன. அப்போது ஏறத்தாழ 19,000 ஆக இருந்த அங்குள்ள வடக்கு எல்க் மந்தை, 2013இல் 4,000க்கும் கீழே இறங்கியது. ஆனால் கரடிகளும், பூமா எனப்படும் மலைச் சிங்கங்களும், வறட்சியும், பூங்காவுக்கு வெளியே மனிதர் ஆடிய வேட்டையும் அந்தச் சரிவுக்குக் காரணமாயின. பூங்காவை ஒட்டிய மொன்டானா மாநிலத்தின் பல பகுதிகளிலோ, மாநில வனவிலங்குத் துறை வகுத்த இலக்கைக் காட்டிலும் எல்க் கூடுதலாகவே இருக்கின்றன.

கொலராடோ மாநிலத்தில் நடந்ததுதான் வேட்டைக்காரர்களை உண்மையில் கலங்க வைத்தது. வழக்கமாக மாநில வனவிலங்கு ஆணையம் எடுக்கும் முடிவை, 2020 நவம்பரில் வாக்காளர்களே எடுத்தார்கள். ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற முன்மொழிவு ஏறத்தாழ 51 சதவீத ஆதரவுடன் நிறைவேறியது. டென்வர், போல்டர் நகரவாசிகள் பெருமளவில் ஆதரித்தார்கள். ஓநாய்கள் வந்திறங்கியதோ மாடு வளர்ப்போர் வாழும், ராக்கி மலைத்தொடரின் மேற்குச் சரிவில். 2023 டிசம்பரில் ஒரேகானிலிருந்து பத்தும், 2025 தொடக்கத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து பதினைந்தும் வந்தன. ஓநாய் கொன்ற கால்நடை ஒன்றுக்கு 15,000 டாலர் வரை இழப்பீடு உண்டு என்றாலும், தம்மைக் கேளாமல் எடுத்த முடிவு என்ற மனத்தாங்கல் பணத்தால் தீரவில்லை.

இன்று ஓநாய்க்கு வாக்களித்தவர்கள் நாளை வேட்டைக்கு எதிராகவும் வாக்களிக்கலாம் அல்லவா? 2024இல் அதுவும் வந்தது. பூமாவையும் பாப்கேட் என்னும் காட்டுப்பூனையையும் வேட்டையாடுவதைத் தடைசெய்யும் முன்மொழிவை ஏறத்தாழ 55 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். "முடிவை உயிரியலாளர்களிடம் விடுங்கள்" என்பதே அப்போது வேட்டைக்காரர்களின் முதன்மையான வாதம். 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீதான வரியும், அவர்கள் கட்டும் உரிமக் கட்டணமும் மாநில வனவிலங்குத் துறைகளைத் தாங்கி நிற்பதால், அந்தக் குரலுக்கு எடை உண்டு.

ஆனால் விஸ்கான்சின் மாநிலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2021இல் ஓநாய் வேட்டையை நவம்பரில் வைத்துக்கொள்ளலாம் என்று மாநிலத் துறை திட்டமிட்டிருந்தபோது, வேட்டை ஆதரவு அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்து, பிப்ரவரியிலேயே அதை நடத்தச் செய்தது. உரிமம் பெற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டவை 119 ஓநாய்கள். மூன்று நாள் முடிவதற்குள் 218 கொல்லப்பட்டன. அங்கே உயிரியலாளர்களைக் காத்திருக்க விடாதவர்கள் வேட்டைத் தரப்பினர்தாம். கொலராடோவில் வேட்டைக்காரர்கள் முன்வைத்த வாதத்தை மறுப்பவர்கள் இந்தப் பிப்ரவரியை எடுத்துக்காட்டலாம்.